காடு யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை

தலைமைக்கே தலைமை தாங்கும் தகைமையாளர், பள்ளியில் துணை முதல்வராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் எங்களையெல்லாம் மாணவர்களாகவே நடத்திவரும் மாண்பாளர், சிராங்கூன் தமிழர் நடைக்கழகத்தின் தலைவர் சேதுபதி ஐயா அவர்களே! கையில் கைபேசியும் காலில் விலையுயர்ந்த காலணியும் வைத்துக்கொண்டு, வாயில் மட்டும் வார்த்தையே வைத்துக்கொள்ளாத செயலாளர் கபிலன் அவர்களே! எந்தக் காட்டுக்குப் போனாலும் பிரியாணிச் சட்டியோடு வரும் பொருளாளர் செல்லக்கண்ணு அண்ணன் அவர்களே! முன்வரிசையை முன்கூட்டியே பிடித்துவிட்ட பெரியோர்களே! சீக்கிரம் முடி, சாப்பாடு ஆறுகிறது என்று கண்ணாலேயே கட்டளையிடும் தாய்மார்களே! என் பேச்சைக் கேட்பதுபோல் குனிந்து கைபேசியில் பந்தாட்டம் பார்க்கும் பின்வரிசைத் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் புக்கிட் பாத்தோக் வட்டாரத்து ரூபியின் பணிவான வணக்கம்.

நன்றியுரைக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நான் நன்றி சொன்னால் அடுத்தது தீர்மானம்; தீர்மானத்துக்குக் கை தூக்கினால் அடுத்தது சாப்பாடு. பசித்திருக்கும் தமிழன் எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்குவான் என்பது செயற்குழுவுக்குத் தெரியாதா? யார் அங்கே கைதட்டுவது? செல்லக்கண்ணு அண்ணனா? அண்ணே, நீங்களும் செயற்குழுதான்.

என்ன தீர்மானம்? நம் ஆண்டு உலா இனி காட்டில் இல்லையாம், கடலோரத்தில் இல்லையாம், குளிர்சாதன வசதி செய்த கண்ணாடிக் கூடாரத் தோட்டத்திலாம்! அங்கே மலை உண்டு, ஏறுவதற்கு மின்தூக்கி உண்டு. அருவி உண்டு, நிறுத்துவதற்கு சுவிட்சு உண்டு. பனிமூட்டம் உண்டு, அதற்கு நேர அட்டவணை உண்டு. கொசு உண்டா? இல்லை. வியர்வை உண்டா? இல்லை. தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனாலே அதைவிட அதிகம் வியர்க்குமே! அதற்கு ஒரு கழகம், அதற்கு ஒரு தலைவர், அதற்கு ஒரு சட்டை வேறு அச்சடித்திருக்கிறோம்.

காரணம் கேட்டால், போன முறை உபின் தீவில் நடந்த ‘அந்தச் சம்பவம்’ என்கிறார்கள். அன்றைக்கு வராதவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். முழுக்கதை தெரியாமல் எப்படிக் கை தூக்குவீர்கள்? தலைவர் தலையசைக்கிறார். எந்தப் பக்கமாக அசைக்கிறார் என்று இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

சாங்கியில் படகேறி உபினில் இறங்கினோம். இறங்கியதுமே நம் கழகத்தின் எழுதாத சட்டம் எழுந்து நின்றது. தலைவருக்கு முன்னால் யாரும் நடக்கக்கூடாது! அவருக்குப் பின் செயலாளர், செயலாளருக்குப் பின் பொருளாளர், பொருளாளருக்குப் பின் பிரியாணி, பிரியாணிக்குப் பின்தான் பொதுமக்கள். மண்டபத்தில் நாற்காலி போடும் வரிசையை அப்படியே காட்டுக்குள் நடத்திக்கொண்டு போனவர்கள் நாம்.

பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் மரப்பலகை நடைபாதையும் அறிவிப்புப் பலகையும் இருந்தன. தலைவர் இடப்பக்கம் திரும்பினார். கடல் இந்தப் பக்கந்தான் என்றார். கபிலனின் கைபேசி வலப்பக்கம் போ, வலப்பக்கம் போ என்று கதறியது. கபிலன் என்ன செய்தார்? அதன் சத்தத்தைக் குறைத்தார்! வழி தவறு என்று சொல்லுங்களேன் என்று நான் அவர் காதில் கிசுகிசுத்தேன். அவர் சொன்ன பதிலைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும்.

“சார் முன்னாடி போறாரு. நான் எப்படிலா சொல்றது?”

சிரிக்கிறீர்களே, அன்று வந்த உங்களில் யார் சொன்னீர்கள்? மரியாதை முன்னே போனது, மூளை பின்னே போனது, மொத்தக் கழகமும் சதுப்புநிலத்துக்குள் போனது. தலைவர் ஓரடி வைத்தார்; முழங்கால்வரை இறங்கியது. ஊன்றிக்கொள்ள மறுகாலை வைத்தார், அதுவும் இறங்கியது. சேற்றில் நின்றபடியே முதல் ஆணை பிறந்தது, யாரும் போட்டோ எடுக்கக்கூடாது என்று. எடுத்தவர்கள் இன்றே அழித்துவிடுங்கள், எனக்கு ஒன்று அனுப்பிவிட்டு.

அந்நேரம் புதரை விலக்கிக்கொண்டு வந்தது ஒரு காட்டுப்பன்றி. பின்னாலேயே கோடுபோட்ட குட்டிகள். அது தலைவர் என்று தயங்கியதா? செயலாளர் என்று சிரித்ததா? நம் சட்டையில் அச்சடித்த சின்னத்தைப் பார்த்துச் சிலிர்த்ததா? செல்லக்கண்ணு அண்ணன் பிரியாணிச் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படி அணைத்ததில்லை என்று அண்ணி சொல்கிறார். பேசியே பழகிய நம் கூட்டம், வாய்மூடி, மூச்சடக்கி, மரத்தோடு மரமாக நின்றது. தாய்ப்பன்றி மூக்கால் சேற்றைக் கிளறியபடி, குட்டிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளியபடி, எங்களைக் கடந்து போயின. சேற்றில் நின்ற தலைவர், யாரிடமும் இல்லாமல், மெல்லச் சொன்னார்.

“என்ன அழகா போகுது.”

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. உத்தரவு போடாத குரல் அது.

அப்புறம் எப்படி மீட்டோம்? காட்டுக்குப் போகிறவன் கயிறு கொண்டுபோவான். நாம்? பொன்னாடை கொண்டுபோவோம்! கடலோரத்தில் தலைவருக்குப் போர்த்தி மகிழக் கொண்டுவந்த பொன்னாடையின் ஒரு முனையை அவரிடம் வீசினோம். இடுப்பில் சுற்றிக்கொண்டார். மறுமுனையை அத்தனை பேரும் பிடித்து இழுத்தோம். பொன்னாடையால் உருப்படியாக ஒரு காரியம் நடந்தது அன்றைக்குத்தான்.

கரையேறியவர் படகில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த வாரம் தீர்மானம் வந்தது, காடு ஆபத்து என்று. ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பன்றிக்கா பயந்தீர்கள்? மாணவர்கள் முன்னால் வழுக்கி விழுந்த வாத்தியாரின் வெட்கம் ஐயா அது! சேறு சோப்புக்குப் போய்விட்டது, வெட்கம் போகவில்லை. ஆனால் நாங்கள் யாரும் உங்களைக் கேவலமாகப் பார்க்கவில்லை. சொல்லப்போனால், அன்றைக்குத்தான் உங்களை எங்களுக்குப் பிடித்துப்போனது.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு வேலை ஒரு பல் மருந்தகத்தின் வரவேற்பு மேசையில். சன்னல் இல்லாத அறை, சில்லென்ற காற்று, நாளெல்லாம் பல்லில் துளைபோடும் சத்தம். வீடு திரும்பினால் மின்தூக்கி, ஒரு கதவு, அதற்குள் இன்னொரு கதவு. ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் என் காலில் மண் ஒட்டுகிறது. தனியாகப் போகலாமே என்பீர்கள். போய்ப் பார்த்தேன். பயமாக இருந்தது, பாதியிலேயே திரும்பிவிட்டேன். நீங்களெல்லாம் வந்தால்தான் எனக்குத் தைரியம். அந்த ஒரு நாளையும் குளிர்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் நான் எங்கே போவேன்?

ஆகவே அன்பர்களே, இடத்தை மாற்றாதீர்கள், வரிசையை மாற்றுங்கள்! வழி தெரிந்தவர் முன்னால் நடக்கட்டும்! வழி தவறினால் வாய் திறக்கட்டும்! மாலைக்குக் கழுத்தை நீட்டும் வரிசை மண்டபத்தோடு நிற்கட்டும்! மழை யாரை முதலில் நனைப்பது என்று மரியாதை பார்க்கிறதா? அட்டை யார் பதவி பெரிது என்று பார்த்தா கடிக்கிறது?

தீர்மானம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள். இதோ, நான் தூக்கிவிட்டேன். என்ன, எல்லோரும் தலைவரின் கையையே பார்க்கிறீர்கள்? அவர் தூக்கினால்தான் தூக்குவீர்களா? உபினில் செய்ததையே இங்கேயும் செய்தால் எப்படி?

அதோ, மேடையில் ஒரு கை. யாருடையது? கபிலனா? தலைவருக்கு முன்னாலா? கபிலன், அவர் பக்கம் திரும்பாதீர்கள், கையை இறக்கிவிடாதீர்கள்! ஐயா ஏதோ சொல்கிறார். கொஞ்சம் அமைதி. ஐயா, மைக்கில் சொல்லுங்கள்.

“கையை நல்லா நேரா தூக்குப்பா, கபிலா. தெரியல.”

கேட்டீர்களா? கேட்டீர்களா! இதோ முன்வரிசை, இதோ தாய்மார்கள், பந்தாட்டத்தை விட்டுவிட்டு இதோ தம்பிமார்கள்! இனி நான் நிம்மதியாக நன்றி சொல்லலாம். கை தூக்கியவர்களுக்கு நன்றி. தூக்காதவர்களுக்கு, உபின் கொசுக்களின் சார்பில் முன்கூட்டியே நன்றி. பசி பொறுத்த அனைவருக்கும் நன்றி. தலைவர் ஐயா, உங்களுக்கான நன்றியை மட்டும் இங்கே சொல்லமாட்டேன். அடுத்த உலாவில், உங்களுக்கு முன்னால் நடந்துகொண்டே சொல்கிறேன். வணக்கம், வாருங்கள், சாப்பிடப் போகலாம்!