வெயிலில் வைத்த பலாப்பழம்

இல்லீங்க அம்மிணி, ஜன்னல் சீட்டுல நீங்களே உக்காருங்க. அடிவாரம் காரவள்ளி தாண்டியாச்சு, இனி மலை ஏற எழுபது வளைவு. எனக்கு வாந்தி வராது, பழகிப் போச்சு. உங்களுக்கு வரும்னு மூஞ்சியே சொல்லுது. இந்தாங்க எலுமிச்சம்பழம். மோந்து பாக்கத்தான் குடுத்தேன், இப்படி நசுக்கறீங்களே, அது என்ன பாவம் பண்ணுச்சு?

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. சேலத்துல ஏறினதுல இருந்து அந்தப் பழுப்புக் கவரை இறுக்கிப் புடிச்சுக்கிட்டே வாரீங்க. இறுக்குனா உள்ள இருக்கற எழுத்து அழிஞ்சு போயிருங்களா?

எனக்கு எப்படித் தெரியுமா? ஆஸ்பத்திரியில நீங்க டோக்கன் பதினாலு, நான் பதினஞ்சு. உங்க ஜெனி பாப்பா, மேல சுத்தற ஃபேனையே பாத்துக்கிட்டு தானும் சுத்துச்சு. நீங்க உள்ள போனப்ப ஒரு மூஞ்சி, வெளிய வந்தப்ப வேற மூஞ்சி. அந்த ரெண்டாவது மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும்ங்க. மூணு வருசத்துக்கு முந்தி அதை நான்தான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஆமாங்க. என் பெரியவனுக்கும் அதேதான், ஆட்டிசம். ஆதில்னு பேரு, ஏழு வயசு. இன்னிக்கு அவங்க அத்தாகிட்ட, எங்க ஊட்டுக்காரருகிட்ட, விட்டுட்டு வந்தேன். மடியில தூங்கறாளே, இவ மெஹ்ரின், சின்னவ. ரெண்டரை ஆகுது. அப்ப நான் எதுக்கு வந்தேனா? அது கெடக்கட்டும்ங்க, எங்க ஓடிப் போகுது. உங்க சமாச்சாரத்துக்கு வாங்க.

செம்மேட்டுல வேளாண்மை ஆபீஸா உங்க ஊட்டுக்காரரு? யாரு, ஸ்டீபன் சாரா! வெயில் அடிச்சாலும் மழைக்கோட்டுப் போட்டுக்கிட்டு வண்டியில போவாரே, அவருதானுங்களே? சோளக்காட்டுல எங்க கடையிலதான் வாழைப்பழம் வாங்குவாரு. ஒவ்வொரு பழமா எடுத்து மோந்து பாப்பாரு. ஒரு நாளு எங்க ஊட்டுக்காரரு, சார், பழத்துக்கும் கொஞ்சம் வாசம் மிச்சம் வைங்கன்னு கேட்டே போட்டாரு. அப்பாடா, சிரிச்சீங்க. முப்பது மைல் பேசி ஒரு சிரிப்பு வாங்கறதுக்குள்ள!

செம்மேட்டுல வந்து காத்திருப்பாரா? அதுதான் சங்கடமா? லீவு கெடைக்கல, ஒண்ணும் இருக்காது, நீயே போயிட்டு வான்னு அனுப்பியிருப்பாரு. எல்லா அப்பனும் ஒரே பள்ளிக்கொடத்துல படிச்சவங்கதான் போல. அதான் பாத்தேன், உங்க வாய் தன்னால அசைஞ்சுது. பரிச்சைக்குப் போற புள்ளை மாதிரி மனப்பாடம் பண்ணிக்கிட்டே வாரீங்க.

நான் எப்படிச் சொன்னேன்னு கேளுங்க. சொல்லவே இல்லீங்க. டாக்டரம்மா எழுதிக் குடுத்த கவரைக் கொண்டு போயி அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடிட்டேன். எட்டு நாளு. சோறாக்க அரிசி அள்ளும்போதெல்லாம் கையில தட்டுப்படும், அமுக்கி விட்டுருவேன். ஒம்பதாம் நாளு எனக்குக் காய்ச்சல். அவரே கஞ்சி வெக்கறேன்னு டின்னைத் தொறந்தாரு. படிச்சுப் பாத்துட்டு வந்து, ஏன் சலீமா, இதையும் சேத்துப் பொங்கிப் போட்டுரலாம்னு இருந்தியான்னு கேட்டாரு. சிரிக்கறாரா அழுவறாரான்னு எனக்குத் தெரியல.

அப்புறமும் எங்க ஒத்துக்கிட்டாரு? டாக்டரம்மாவுக்குத் தெரியலை, எம்மவனுக்கு ஒண்ணுமில்லைன்னு ஒரே புடியா நின்னாரு. எங்க மாமி, இவனோட அத்தாவும் லேட்டாத்தான் பேசுனான்னு சொல்லித் தர்கா தண்ணி குடுத்தாங்க. பக்கத்தூட்டுப் பாப்பாத்தி வசம்பை உரசி நாக்குல தடவுனா. ஆதில் அவ வெரலைக் கடிச்சு வெச்சுட்டான். ஒரு வாரம் அவளாலதான் பேச முடியல, வலியில!

ஜெனி பாப்பா ஜன்னல் கம்பியை நக்கறா, விடுங்க. துப்பட்டாவால தொடச்சு விட்டாப் போதும். யாரு பாக்கறாங்க? பாத்தா பாக்கட்டும்.

பலாப்பழக் கூத்தைச் சொல்றேன் கேளுங்க. எங்க ஊட்டுக்காரரு சந்தையில பலா யாவாரம். தட்டிப் பாத்தே சொல்லிருவாங்க. காய்னா டங்குடங்குன்னு கேக்கும், பழுத்ததுன்னா பொதுக்குனு அடங்கிப் போகும். ஆதிலுக்கு அப்ப நாலரை வயசு. காலையில குவியல்கிட்டப் போவான். பழத்துல காதை வெப்பான், ரெண்டு தட்டுத் தட்டுவான். சிலதை விட்டுட்டுப் போயிருவான், சிலதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டான். இவருக்குப் புடிச்சுது பாருங்க பைத்தியம். பாத்தியா, எம்மவன் காதைப் பாத்தியா, ஆண்டவன் வாயை எடுத்துட்டுக் காதைக் குடுத்திருக்கான்னு சந்தை பூராச் சொல்லிட்டாரு. டீக்கடை ராசப்பன் வேற, ஆமாம் பாய், தெய்வப் பொறவின்னு ஏத்தி விட்டாரு. ஓசியில பன்னு குடுத்தாரு புள்ளைக்கு.

அந்தச் சமயம் ராசிபுரத்துல இருந்து அர்த்தனாரின்னு ஒருத்தரு வந்தாரு. மகளுக்குக் கல்யாணம், மறுநாளு பந்திக்கு வெட்டற பதத்துல பத்துப் பழம் வேணும்னாரு. ஆதில் கட்டிப் புடிச்ச பத்தையும் ஏத்தி விட்டாரு இவரு. ஒரு தடவை தட்டிப் பாத்துருங்க பாய்னு ராசப்பனே சொன்னாரு. எம்மவன் காது இருக்கையில என் கை எதுக்குன்னுட்டாரு.

அத்தனையும் காயிங்க! வெட்டுனா வெள்ளை வெளேர்னு பாலு. முகூர்த்த நேரத்துல சமையல்காரரு ரெண்டு கையும் ஒட்டிக்கிட்டு, எண்ணெய் கொண்டா எண்ணெய் கொண்டான்னு கத்துனாராம். பந்தியில இனிப்புக்குப் பதிலா பலாக்காய்க் கூட்டு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாங்களாம், அது வேற கதை.

நானும் அன்னிக்குச் சிரிச்சேனுங்க. ஆனா இவரு சிரிக்கல. அடுத்த சந்தைக்கு ஒரு பழமும் விக்கல, குவியல்கிட்டயே குத்த வெச்சு உக்காந்து ஆதிலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவன் வழக்கம் போல வந்தான், தட்டுனான், ஒண்ணைக் கட்டிப் புடிச்சான். இவரு போயி அந்தப் பழத்து மேல உள்ளங்கையை வெச்சாரு. பக்கத்துப் பழத்துல வெச்சாரு. மறுபடி இதுல வெச்சாரு. அப்புறம் சாக்கு மேல தொப்புனு உக்காந்துட்டாரு.

சூடா இருக்குது சலீமான்னாரு.

கெழக்கால வெயில் பட்ட பழம்ங்க, அவ்வளவுதான். மலைக்குளிருல சூடா ஒண்ணைத் தேடியிருக்கான் புள்ளை. எம்மவனுக்குக் குளிருதுடி, அதைப் பாக்காம நான் அவன் காதை ஏலம் போட்டுக்கிட்டு இருந்தேனேன்னாரு. அன்னிக்குத்தான் அந்தக் கவரை மறுபடி எடுக்கச் சொல்லி, கடைசி வரி வரைக்கும் ரெண்டு பேரும் படிச்சோம்.

அதுக்கப்புறம் தெனம் கடை வாசல்ல ஒரு பழத்தை வெயில்ல வெச்சுருவாரு. யாராச்சும் வெலை கேட்டா, அது எங்க மொதலாளியோடதும்பாரு. சீசன் இல்லாதப்ப பூசணிக்காய். ஆதில் காதை வெச்சுப் படுத்துக்குவான். இப்பப் பேசறானான்னா, இல்லீங்க. குளிருனா என் கையைப் புடிச்சுத் தன் கன்னத்துல வெச்சுக்குவான். அது ஆறு மாசமா. கையை மொதல்ல வெச்ச அன்னிக்கு நான் ஊரைக் கூட்டிட்டேன், பாப்பாத்தி பாம்புன்னு நெனச்சுத் தடியோட ஓடி வந்தா.

உங்க ஸ்டீபன் சாரும் ஒரு மாசத்துல எதையாவது கண்டுபுடிப்பாரு பாருங்க. எம்மவ பெரிய விஞ்ஞானி, ஃபேன் எப்படிச் சுத்துதுன்னு ஆராய்ச்சி பண்றாம்பாரு. சண்டை போடாதீங்க. ரெண்டு கல்யாணப் பந்தி கெடட்டும், தானா வழிக்கு வருவாரு. அரிசி டின்னு மட்டும் வேண்டாம். பஸ்ஸை விட்டு எறங்குன ஒடனே அந்தக் கவரைக் கையில குடுத்துருங்க. மனப்பாடம் எல்லாம் அங்க நிக்காது.

எழுபது முடிஞ்சுருச்சுங்க, அதா சோளக்காடு. என் பையைக் கொஞ்சம் புடிங்க, புள்ளையைத் தோள்ல போட்டுக்கறேன். பாத்துப் புடிங்க, மடிச்சிராதீங்க, உள்ள கவரு இருக்குது.

ஆமாங்க. உங்களுது மாதிரியே பழுப்புக் கவரு. மெஹ்ரினுக்குத்தான். கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறா, ரெண்டு மாசமா. டோக்கன் பதினஞ்சுன்னு சொன்னேனில்லீங்க.

அட, நீங்க எதுக்கு அழுவறீங்க? உங்களுக்குத் தைரியம் சொல்லிக்கிட்டு வந்தேன்னா நெனச்சீங்க? எனக்குத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன், அத்தனை வளைவும். அவருகிட்ட என்னன்னு சொல்றதுன்னு இன்னும் ஒரு வார்த்தை அகப்படல.

இன்னிக்குக் காலையில நான் கெளம்பறப்ப வாசல்ல ரெண்டு பழம் கெடந்துச்சுங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ஏன் ரெண்டுன்னு நான் கேக்கலை. அவரும் சொல்லலை. குளிரு அடிக்குது, புள்ளையை நல்லா மூடிக்கோன்னு மட்டும் சொன்னாரு.

அதா பாருங்க, நீலச் சட்டை, குனிஞ்சுக்கிட்டு, அவருதான். மேக்க சாஞ்ச வெயில் கடையைத் தாண்டிப் போயிருச்சில்ல, ரெண்டு பழத்தையும் அந்தப் பக்கம் நகத்தி வெக்கறாரு.

கண்டக்டரே, எறங்கணும். எலுமிச்சம்பழத்தை நீங்களே வெச்சுக்கோங்க அம்மிணி, செம்மேடு வரைக்கும் இன்னும் நாலஞ்சு திருப்பம் இருக்குது.