பொன்னாடையால் ஒரு திரை

தலைமை ஏற்றிருக்கும் பெருந்தகை வெங்கடராமன் அவர்களே! பேச மாட்டேன் என்றவனை இழுத்து வந்து மேடையேற்றிய செயலாளர் சேஷு அவர்களே! கரோல் பாக்கிலிருந்தும் லோதி ரோட்டிலிருந்தும் தலைநகரின் குளிரைக் கிழித்து வந்திருக்கும் பெரியோர்களே! எல்லாருக்கும் மேலாக, என் தாய்மார்களே!

எழுபது வயதில் எழுத்தறிந்த அய்யாசாமியாகிய நான், என் கையால் எழுதிய முதல் பேச்சு இது. மெதுவாகத்தான் வாசிப்பேன், பொறுத்தருளுங்கள்.

போன பொங்கல் விழா. இதே மண்டபம். முன்வரிசையில் இருந்த என் மனைவி அம்சவேணி சரிந்தாள். அசைவில்லை, மூச்சில்லை. சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள்? எந்த ஆஸ்பத்திரி அரசாங்கம் செலவைத் தரும் பேனலில் இருக்கிறது என்று வாதாடினார்கள்! சிரிக்கிறீர்களா? வாதாடியவர்கள்தானே இப்போது பலமாகச் சிரிக்கிறீர்கள்!

அலுவலகப் பயிற்சியில் முதலுதவி கற்ற ஜெயசீலன் பாய்ந்து வந்தார். "ஆம்புலன்சுக்கு நூத்திப் பன்னெண்டுக்குப் போன் போடுங்க! இளவரசி, பக்கத்து ஆபீஸ் வாசல்ல நின்ன இதயத்துக்கு ஷாக் குடுக்குற பெட்டி இருக்கு, ஓடும்மா!" நடு நெஞ்சில் இரு கைகளை வைத்து அழுத்தினார், அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார்.

வெளியே, சீக்கிரம் கொடுங்கள் அண்ணா என்று காவலாளியிடம் இந்தியில் கெஞ்சும் இளவரசியின் குரல்: "பையா, ஜல்தி தீஜியே!"

பெட்டி வந்தது. அதன் பட்டைகளை வெறும் நெஞ்சில் ஒட்ட வேண்டும். ஆண்கள் பின்வாங்கினார்கள். "லேடீஸ் விஷயம்பா..." என்றது ஒரு குரல்.

"உயிர் போயிண்டிருக்கு, என்ன லேடீஸ் விஷயம்? நீ ஒட்டுடா ஜெயசீலா!" என்று எழுந்தார் மங்களம் மாமி. மேசையில் இருந்த பொன்னாடைகளை அள்ளினார்.

"மாமி, அது சீஃப் கெஸ்டுக்கு!" என்று பதறினார் நம் சேஷு.

"அவர்தான் ஸ்வெட்டர் போட்டுண்டிருக்காரே!"

தாய்மார்கள் பொன்னாடைகளை விரித்தார்கள். முதுகைத் திருப்பி நின்றார்கள். அந்தத் திரைக்குள் பெட்டி பேசியது. இதயத்தை அதுவே ஆராய்ந்தது. "யாரும் தொடாதீர்கள்" என்றது. அதிர்வு கொடுத்தது. "மீண்டும் அழுத்துங்கள்" என்றது. ஜெயசீலன் அழுத்தினார். அம்சவேணி முனகினாள்!

அந்த முனகலைவிட இனிய இசை உண்டா? அந்தத் திரையைவிட உயர்ந்த பட்டு உண்டா? கற்ற கைக்கு எத்தனை அழகு! கூசாத கைக்கு எத்தனை கருணை! எழுபது வயதில் எனக்கு எழுத்து வந்ததே, உங்களுக்கு இது வராதா? பிற்பகலில் இங்கேயே ஜெயசீலன் இதைப் பழக்குகிறார். அழுத்திப் பழகப் பொம்மை தயார். நீங்கள் தயாரா?

என்ன சேஷு சார், எனக்குப் பொன்னாடையா? வேண்டாம். அதை அம்சவேணியிடம் கொடுங்கள். அவள் எழுந்து வருகிறாள் பாருங்கள், தன் காலால் நடந்து, மங்களம் மாமிக்குப் போர்த்த!

கேட்ட செவிகளுக்கு நன்றி. அழுத்தப்போகும் கைகளுக்கு என் வணக்கம்!