சத்தமில்லாத ஃபில்டர்

கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்ப்பவர்களுக்குப் பொறுமை அதிகம், டாக்டர். எனக்கு அது மருந்துக்கும் கிடையாது. வெளியே எங்கள் இரண்டு பேர் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என் அக்கா, அவளுக்கு உண்டு. பகலெல்லாம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் குழந்தைகளுக்கான மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் உப்பை அளக்க உட்காருவாள். வாளித் தண்ணீரில் கரைத்து, கருவியை விட்டுப் பார்த்து, ஒரு சிட்டிகை கூடிவிட்டது என்று மறுபடியும் கலப்பாள். "கடல்ல யாருக்கா இப்படி அளந்து போடுறாங்க?" என்று கிண்டல் செய்வேன். "கடல் பெருசுடி, நாம தப்புப் பண்ணினாலும் தாங்கும். இது தாங்காது" என்பாள்.

ஸ்கேனும் ரத்தமும் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் மறதி என்று அவளே சொல்வதால் ஒரு மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றீர்கள். அதனால்தான் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு வந்தேன். நன்றாக இருக்கும் மூளைக்கு மாத்திரை கொடுக்கும் பாவம் வேறு என் தலையில் ஏற வேண்டாம். மறதி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்களே, அதற்கு அவள் சொன்ன பதில் தப்பு. அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறேன். என் கல்யாணம் நிலைக்கவில்லை. பெட்டியோடு திரும்பி வந்த அன்று அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கட்டிலில் தன் தலையணைக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குக் காய்ச்சல் என்றால் அவள்தான் லீவு போடுவாள். கரண்ட் பில்லிலிருந்து பல்வலி வரைக்கும் எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். அப்படிப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருக்கும்போது வேறு மனிதர் எதற்கு?

மீன்தொட்டி ஒரு மைக்ரோவேவ் அடுப்பு அளவுதான். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு இறால், விரல் விரலாக ஆடும் சில பவளங்கள். ஓரத்தில் தொங்கிய பழைய ஃபில்டரிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். தையல் மெஷின் பக்கத்திலேயே அந்தச் சத்தம், தலைவலி. ஆகவே அக்காவின் பிறந்தநாளுக்குக் கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கிக் கொடுத்தேன். மூடி போட்ட வாளி மாதிரி இருக்கும், தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் உட்கார்ந்துவிடும். ஒரு குழாயில் தண்ணீரை இழுத்து, பஞ்சு வழியாக வடித்து, இன்னொரு குழாயில் மேலே அனுப்பும். ஓடுகிறதா, நிற்கிறதா என்று காதுக்குத் தெரியாது. தொட்டிக்குள் அலை அடிக்க வேறு ஒரு மோட்டார் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது.

பவளக்காரர் அந்த ஃபில்டருக்குப் பரம விரோதி. அக்கா பவளம் வாங்கும் கடைக்காரர் அவர், மனைவியை இழந்தவர். "சின்னத் தொட்டிக்கு இது வேணாங்க. அழுக்கு பூரா உள்ளேயே தங்கும், வாராவாரம் கழுவணும். ரொம்ப நேரம் நின்னுபோச்சுன்னா, கழுவாம மட்டும் திரும்பப் போட்டுடாதீங்க. உள்ளே இருக்கற தண்ணி விஷமாயிருக்கும். அது மேல ஏறிச்சு, தொட்டி காலி" என்பார். அக்கா சிரிப்பாள். "என் தங்கச்சி ஆசையா வாங்கிக் குடுத்தது. நான் மறந்தாத்தானே!"

அக்கா மறக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு சிங்க்குக்குப் போவாள். பஞ்சைக் கழுவி, மூடி, குழாயைத் திறந்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, மூடிமேல் கையை வைத்து அதிர்வைப் பார்ப்பாள். பிறகுதான் காப்பி.

அந்தப் பவளக்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகத் துணி மடித்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். கடலோர ஊரில் புதுக் கடை, மாடியில் வீடு. ஐம்பதைத் தாண்டியவள், முகம் சிவந்து போயிருந்தது. "நீயும் வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போ" என்றாள். விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி சொன்னாள், டாக்டர்.

எனக்குக் கோபம் வரவில்லை. மறதிக்காரி ஒருத்தி இந்த வயதில் புது ஊருக்குக் கிளம்ப மாட்டாள் என்று மட்டும் தோன்றியது.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் செய்தேன். அவள் டூட்டிக்குப் போனதும் ஃபில்டர் குழாயைப் பாதி மூடி வைப்பேன். "நல்லாத் திறந்தேனே" என்று விழிப்பாள். மூக்குக்கண்ணாடி அரிசி டப்பாவில் கிடைக்கும். அவள் பூட்டிவிட்டுப் போன கதவைத் திறந்து வைத்துவிட்டு, நான் வெளியே போய் வந்தபோது திறந்து கிடந்ததாகச் சொல்வேன். திட்டவே மாட்டேன். "வயசாகுதுல்லக்கா, நான் இருக்கேன்ல" என்று தலையைத் தடவிக் கொடுப்பேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான். ஆனால் ஆட்டும்போது நிஜமான பாசத்தோடுதான் ஆட்டினேன்.

பிறகு ஒரு ஞாயிறு, அவள் ஃபில்டரைக் கழுவி மாட்டிவிட்டு டூட்டிக்குப் போனதும் சுவிட்சை அணைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். மேலே அலை அடித்துக்கொண்டிருந்தது, மீன்கள் தின்றன, அக்கா வழக்கம்போல உப்பை அளந்தாள். கீழே வாளிக்குள் தண்ணீர் செத்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு ஓட்டலுக்கான திரைச்சீலை முழுவதையும் தைத்து முடித்தேன்.

சில நாள் கழித்து, இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு அவள் கண்ணைத் திறக்க முடியாமல் வந்த மாலையில்தான் சொன்னேன். "அக்கா, ஃபில்டர் ஓடலையே! நீ போடவே இல்லையா? சீக்கிரம் போடு, மீனுக்கு மூச்சு முட்டும்!" யோசிக்க இடம் கொடுக்காமல் சொன்னேன். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப் போய்ச் சுவிட்சைத் தட்டினாள். அழுகின முட்டை நாற்றம் வீடெல்லாம் பரவியது. அப்போதுதான் அவளுக்குப் பவளக்காரர் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மறுபடி அணைத்தாள், வாளி வாளியாகப் புதுத் தண்ணீர் ஊற்றினாள், கையை உள்ளே விட்டு மீன்களை ஏந்திப் பிடித்தாள். ஒன்றுகூடத் தங்கவில்லை. பவளமெல்லாம் மூக்குச்சளி மாதிரி வழிந்து இறங்கியது.

சுவிட்சைப் போட்டது அவள் கைதான் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட.

அவள் அழவில்லை. முழங்கை வரை ஈரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மீனையே கொன்னுட்டேன். நாளைக்கு ஒரு குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து கலந்துட்டேன்னா?" என்றாள். மறுநாளே வேலையை விட்டாள். பவளக்காரரிடம், உங்களுக்கு நோயாளி வேண்டாம் என்று போனிலேயே முடித்துக்கொண்டாள். அவர் விடவில்லை, இன்னும் கூப்பிடுகிறார். நான்தான் எடுத்து, அவள் தூங்குகிறாள் என்கிறேன்.

ஒன்றை முன்பின்னாகச் சொல்லிவிட்டேன். இந்த மாதிரி ஃபில்டரைப் பற்றிப் பவளக்காரர் முதல்முறை எச்சரித்தது அவர் கடையில், நானும் கூட இருந்தபோது. பிறகுதான் கல்யாணச் செய்தி. பிறந்தநாள் அதற்கும் பிறகு வந்தது. பழைய ஃபில்டரின் சத்தம் எனக்கு எப்போதோ பழகிப்போயிருந்தது. அது இல்லாத முதல் நாள் தூக்கமே வரவில்லை. பரிசுத்தாளைப் பிரித்ததும் அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு அன்றைக்கே குறுகுறுத்தது. ஆனாலும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன், வேலை செய்யாவிட்டால் மாற்றலாம் என்று.

இப்போது அவள் ராத்திரியில் எழுந்து அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறாள். பேனாவை எடுத்தால்கூட என் முகத்தைப் பார்க்கிறாள், இது சரியா என்று. மருந்தை அளந்த கை காப்பிக்குச் சர்க்கரை போட என்னைக் கூப்பிடுகிறது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் அக்காவை நானே கொன்றுவிட்டு, அவள் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறேன்.

மாத்திரைச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள், டாக்டர். அவளை உள்ளே கூப்பிட்டு, உனக்கு ஒரு குறையும் இல்லை, மூளை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னதைச் சொல்ல வேண்டாம், அதை அவள் தாங்க மாட்டாள். இன்னும் ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: எதற்கும் புது ஊர், புது வீடு எல்லாம் வேண்டாம், தங்கச்சி கூடவே இருக்கட்டும் என்று. டாக்டர் சொன்னால் அவள் கேட்பாள்.