பினாங்குப் பந்தயக் கார்கள்

கோட்டைப்பட்டினத்துக் காற்றில் பிளாஸ்டிக் பசை காய ஒரு பகல் முழுக்க வேண்டும். பெட்டிக்குள் வரும் தாளில் அரை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அதை அச்சடித்தவர்கள் கடலோரத்தில் குடியிருந்து பார்த்ததில்லை. அவசரப்பட்டுச் சக்கரத்தைத் தொட்டால் கோணிக்கொள்ளும். அப்புறம் ஆயுசுக்கும் அந்த வண்டி சாய்ந்துதான் நிற்கும். நான் எதிலும் அவசரப்படாதவன். ஜமாஅத்துப் பெரியவர்கள் இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால், பின்னால் எழுதப்போவது அவ்வளவு தவறாகத் தெரியாது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். முகமது இப்ராஹிம் ஆகிய நான் பதினாறு வருஷமாக ஆரம்பப் பள்ளி வாத்தியார். உங்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன். அதனால் பிழையில்லாமல் எழுதுகிறேன்.

என் மனைவி ஜன்னத் பீவியின் தம்பி சேக் அலாவுதீன் பினாங்கில் ஒரு பொம்மைக் கடையில் வேலை பார்க்கிறான். 1962-இல் அவன் எனக்கு ஓர் அட்டைப்பெட்டியைத் தபாலில் அனுப்பினான். ‘மச்சானுக்குப் பொழுதுபோக்கு’ என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே சாம்பல் நிறச் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்த எண்பத்தேழு துண்டுகள். ஸ்டீயரிங் என் சுண்டுவிரல் நகத்தளவு. அமெரிக்காவில், கடையில் விற்கும் சாதாரணக் காரையே வாங்கி, கதவை அடைத்து, உள்ளே இரும்புக் குழாய் கட்டி, பக்கவாட்டில் பெரிதாக எண் போட்டுப் பந்தயத்துக்கு விடுவார்களாம். அப்படி ஓடிய பழைய கார் ஒன்றைச் சின்ன அளவில் நாமே பொருத்திக்கொள்வதற்கான சாமான்கள் அவை.

பிளேடால் துண்டுகளை அறுத்தேன். சுறாத்தோலால் ஓரம் தேய்த்தேன். படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை ஈர்க்குச்சியால் தொட்டுப் பூசினேன். எண் அச்சடித்த மெல்லிய தாளை வெந்நீரில் ஊறவைத்துக் கதவின் மேல் வழுக்கி உட்காரவைத்தபோது மூச்சே விடவில்லை. முடித்து ஜன்னலோரம் வைத்தேன். எங்களோடு இருக்கும் மாமியார் ரம்லத் பீவி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

“இது எங்கிட்டு ஓடும் தம்பி?”

“ஓடாது மாமி. இருக்கும்.”

அவருக்குப் புரியவில்லை. அது பரவாயில்லை. எனக்குப் புரிந்திருந்தது. பன்னிரண்டு வருஷம் ‘அணில், ஆடு’ சொல்லிக்கொடுத்தவன் கையில், முதல் தடவையாக ஒரு காரியம் குறையில்லாமல் முடிந்திருந்தது. அலாவுதீனுக்கு அதை எழுதினேன். ஆறு மாதத்தில் இரண்டாவது பெட்டி வந்தது.

வீட்டில் மாமியும் ஜன்னத்தும் அரபு ஓதுவார்கள். தமிழ் வாசிக்க வராது. கடிதம் வந்தால் நான் வாசிப்பேன். பதில் சொல்லச் சொல்ல நானே எழுதுவேன். அலாவுதீனுக்குப் பேசிவைத்திருந்த பெண், எங்கள் தெருவில் படகு வைத்திருக்கும் அப்துல் மஜீதின் மகள் ரமீஜா. எட்டாவது வரை படித்தவள். ஆனால் நிக்காஹுக்கு முன்னால் மாப்பிள்ளையின் கடிதத்தைப் பெண் வாசிப்பது அழகல்ல என்று அவளை யாரும் கேட்கவில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்குப் பங்கில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1963-இல் ஒரு கடிதம் வந்தது. முதலாளி லீவு கொடுத்துவிட்டார், பெருநாளைக்கு வருகிறேன், நிக்காஹ் முடிந்ததும் அறந்தாங்கியில் சொந்தமாகக் கடை போட்டு ஊரோடு இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன் என எழுதியிருந்தான். நான் மனதுக்குள் வாசித்து முடித்தேன். மேசைமேல் இரண்டாவது கார் பசை காயாமல் இருந்தது. அறந்தாங்கியில் அவன் எந்தக் கடை போட்டாலும் அதில் இந்தப் பெட்டி விற்கப்போவதில்லை.

“என்ன எழுதியிருக்கான் தம்பி?” என்றார் மாமி.

“லீவு கேட்டானாம் மாமி. அடுத்த வருஷம் பாக்கலாம்னு மொதலாளி சொல்லிட்டாராம்.”

“அடுத்த வருஷமா… சரி, ஒடம்பப் பாத்துக்கச் சொல்லி எழுதுங்க. சுருக்கா வந்து சேரச் சொல்லுங்க.”

உடம்பைப் பார்த்துக்கொள் என்று அப்படியே எழுதினேன். சுருக்கா வா என்பதை, அவசரப்பட்டு வராதே, ரமீஜா வீட்டில் ஒரு மவுத் ஆகித் துக்கத்தில் இருக்கிறார்கள், உம்மா பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது என்று எழுதினேன். மாமி சொன்ன இரண்டில் ஒன்று சரியாகவே போய்ச் சேர்ந்தது. அலாவுதீன் உம்மா சொல் தட்டாத பிள்ளை. லீவை ரத்து செய்துவிட்டு, மூன்றாவது பெட்டியை அனுப்பினான். சிவப்பு வண்டி.

அடுத்த வருஷம் ரமீஜாவின் அண்ணனுக்கு முதலில் முடிக்க வேண்டும் என்று அவனுக்கு எழுதினேன். கடையில் ஆள் குறைவு என்று இவர்களுக்கு வாசித்தேன். பசை மாதிரிதான். முதல் தடவை ஒட்டும்போது வழிந்துவிடும். அப்புறம் எவ்வளவு வேண்டும் என்பது விரலுக்கே தெரிந்துவிடும்.

மாமிக்குக் காய்ச்சல் வந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். 1965 ஆடியில், பதினெட்டு நாள் டைபாய்டு. கஞ்சியும் இறங்கவில்லை. “எம்மவன் மொகத்தப் பாத்துட்டாப் போதும், ஒரு தந்தி அடிச்சுருங்க தம்பி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அடித்துவிட்டேன் என்றேன். அலாவுதீனுக்கு அந்த வாரம் எழுதிய கடிதத்தில் உம்மா சுகம் என்று எழுதினேன். கடிதம் பினாங்கு போய்ச் சேர்ந்த நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து ரசம் குடித்துக்கொண்டிருந்தார். ஆகவே அது பொய்யென்று சொல்ல முடியாது. கொஞ்சம் முன்கூட்டி எழுதப்பட்ட உண்மை. அப்போது நான்காவது வண்டியின் வேலை நடந்துகொண்டிருந்தது.

நான் செய்த நல்லதை யாரும் சொல்வதில்லை. அதே வருஷம் ரமீஜாவை அதிராம்பட்டினத்தில் ஒரு வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். அப்துல் மஜீது தளர்ந்துபோயிருந்தார். “எத்தனை வருஷம் வாத்தியாரே எம்மவளை உக்கார வச்சிருக்கறது?” என்றார். சம்பந்தம் முறிந்தால் அலாவுதீன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொள்வான். வருகிறவள் மச்சானுக்குப் பெட்டி அனுப்ப விடுவாளோ என்னவோ. அதனால் அலாவுதீன் பெயரில் நானே ஒரு கடிதம் எழுதினேன். ரமீஜாவைத் தவிர வேறு யாரையும் நினைத்ததில்லை, கடல்தான் நடுவில் கிடக்கிறது, மனம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது என்று நாலு பக்கம். அதை அவர் வீட்டில் போய் வாசித்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

அதிராம்பட்டினத்துக்காரர்கள் திரும்பிப்போனார்கள். ஐந்தாவது பெட்டி வந்தது.

என்னிடம் ஒரு குணம் உண்டு, எதையும் தூக்கி எறிய மாட்டேன். அலாவுதீனின் கடிதங்களை, எந்தப் பெட்டிக்குப் பிறகு எது வந்ததோ அந்தக் காலிப் பெட்டிக்குள் தேதி வரிசையில் போட்டு, அலமாரிமேல் அடுக்கியிருந்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். கடிதம் பிறத்தியார் சொத்து. அதைக் கிழிக்க எனக்கு உரிமையில்லை.

சென்ற மாதம், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, ரமீஜா எங்கள் வீட்டுக்கு அரிசி இடிக்க வந்திருக்கிறாள். அந்த நாலு பக்கக் கடிதத்தைத் தன் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டுமென்று ஜன்னத்திடம் கெஞ்சியிருக்கிறாள். ஜன்னத்துக்கு இளகிய மனசு. ஸ்டூல் போட்டுப் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டாள்.

நான் அஸர் தொழுகை நேரத்துக்கு வீடு திரும்பியபோது கூடத்தில் ஐந்து பெட்டியும் திறந்து கிடந்தன. ரமீஜா நடுவில் உட்கார்ந்திருந்தாள். கை முழுக்க இடித்த மாவு காய்ந்துபோயிருந்தது. பக்கத்தில் மாமி. ஜன்னத் தூணோடு தூணாக நின்றாள்.

ரமீஜா ஒரு தாளை எடுத்து வாசித்தாள்: “‘உம்மா ஏன் என்னை வரவேண்டாம் என்கிறது, நான் என்ன குற்றம் செய்தேன்?’” பிறகு என்னைப் பார்த்தாள். “இதை எந்த வருஷம் வாசிச்சுக் காட்டினீங்க சார்?”

“அது மூணாவது பெட்டி,” என்றேன். “வரிசை கலைஞ்சுடாமப் பாத்துக்கம்மா.”

“அந்த நாலு பக்கக் கடுதாசி இதுல இல்லியே.”

“அது என் எழுத்து. இதோட சேராது.”

அவள் கையிலிருந்த தாளை மடித்தாள். “நல்லா எழுதுறீங்க சார்,” என்று மட்டும் சொன்னாள். பாராட்டுத்தான் என்று முதலில் எடுத்துக்கொண்டேன்.

மாமி என்னைத் திட்டவில்லை. “எம்மவன் என்னைக் கோவிச்சுக்கிட்டானா, அதச் சொல்லு புள்ள,” என்று ரமீஜாவைக் கேட்டார். அவள் முதல் கடிதத்திலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். மூன்று நாள் ஆயிற்று. நாலு வருஷமாகக் கிடைக்காத பிள்ளை மூன்று நாளில் அவருக்குக் கிடைத்தான். ஒரு விதத்தில் அவருக்காகச் சேர்த்து வைத்திருந்தவன் நான்தான். ஜன்னத் அன்றிலிருந்து என்னை ‘என்னங்க’ என்று கூப்பிடுவதில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜமாஅத் தலைவரும் நீங்களும் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். நோன்புக்கு முன்னால் அலாவுதீன் ஊர் வந்து சேர வேண்டும், உடனே தந்தி அடி என்றீர்கள். தந்தியை இங்கிலீஷில் எழுத அங்கே வேறு ஆள் இல்லை. பரிகாரமாக இவன் கையாலேயே எழுதட்டும் என்று தலைவர் சொன்னார். நல்ல தீர்ப்பு என்று எல்லாரும் தலையாட்டினீர்கள். திரைக்குப் பின்னால் இருந்து ரமீஜாதான், “எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க,” என்றாள். வாசித்துக் காட்டினேன். உடனே புறப்படு, உம்மா காத்திருக்கிறது, நிக்காஹ் தயார். தமிழிலும் அர்த்தம் சொன்னேன்.

வியாழக்கிழமை நீங்கள் வாடகைக்கு இரண்டு பிளஷர் கார் பிடித்து, மாலையும் கையுமாக நாகப்பட்டினம் போனீர்கள். கொட்டுகிற மழையில், கப்பலிலிருந்து கடைசி ஆள் இறங்கும் வரை நின்றீர்கள். ரமீஜா வீட்டில் கிண்டிய தொதல் அல்வாவைத் தொடுவாரில்லை. பையனுக்குக் கடலில் என்ன ஆயிற்றோ என்று மாமி நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் இதை எழுதச் சம்மதித்தேன். எனக்கும் நெஞ்சில் ஈரம் உண்டு.

அலாவுதீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தந்திப் படிவத்தில் நான் எழுதியது, ‘பெருநாள் கழித்துப் புறப்படு’ என்று. அவனுடைய கடைசிக் கடிதத்தில், பெருநாளை ஒட்டிக் கடைக்குப் புதுச் சரக்கு வருகிறது, மச்சானுக்கு முப்பத்துநாலாம் வருஷத்துப் பந்தய வண்டிப் பெட்டி ஒன்று எடுத்து வைப்பேன் என்று ஒரு வரி இருந்தது. ரமீஜா அதையும் வாசித்தாள். உங்களில் யாரும் காது கொடுக்கவில்லை. வரச் சொல்லும்படி கேட்டீர்கள்; நானும் வரத்தான் சொல்லியிருக்கிறேன்.

மாமியைச் சாப்பிடச் சொல்லுங்கள். நாலு வருஷம் பொறுத்தவர்களுக்கு ஒன்றரை மாதம் பெரிதில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மனம் இப்போது சுத்தமாக இருக்கிறது. அவனை அழைத்துவர மறுபடியும் நாகப்பட்டினம் போகும்போது காரில் எனக்கும் ஓர் இடம் வையுங்கள். நீங்கள் எல்லாரும் அவனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருப்பீர்கள், அவன் எனக்குக் கொண்டுவரும் அந்தப் பெட்டிமேல் யாராவது டிரங்குப் பெட்டியைத் தூக்கி வைத்துவிடுவார்கள்.