நாய்க் காசு

எங்கள் அலுவலகத்துத் தேநீர் ஒருபோதும் நன்றாக இருந்ததில்லை. எந்த ஜன்னலைத் திறந்தாலும் தேயிலை மலைதான் தெரியும். கோப்பைக்குள் மட்டும் சல்லடையில் தங்கிய கடைசித் தூள். அதைப் பற்றி நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், பளீல் ஐயா. விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் எல்லோரிடமும் கேட்டிருப்பீர்கள். தங்கையா கோபக்காரன், வம்புக்காரன் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சுஜீதா வந்த பிறகுதான் அந்தத் தேநீரில் இஞ்சி தட்டிப் போடலாம் என்பதே எனக்குத் தெரிந்தது. தேநீர் போடும் புஷ்பம், சுஜீதாவின் கோப்பைக்கு மட்டும் போட்டாள். ஒருநாள் சாதாரணமாகத்தான் கேட்டேன், எனக்கு ஏன் இல்லை என்று.

"நீங்க கேக்கவே இல்லீங்களே சேர். அந்தப் புள்ள வந்த அன்னைக்கே கேட்டுச்சு. இஞ்சியும் அதுதான் வாங்கித் தருது" என்றாள் புஷ்பம்.

நியாயமான பதில்.

தோட்ட வீடமைப்புச் சபையின் றக்வானைக் கிளையில் நிதிப் பிரிவுக்கு நான் பொறுப்பு. யாருக்கு என்ன சம்பளம், எந்தத் தொழிலாளர் லயத்துக் கூரைக்கு எவ்வளவு தகரம், எல்லாம் என் மேசையில்தான் தொடங்கும். நானும் லயத்தில் பிறந்தவன். றக்வானைக்கு மேலே இருக்கும் தோட்டத்தின் மேல் டிவிசனில், நாங்கள் மேல்கணக்கு என்று சொல்லும் இடத்தில். அந்த லயத்திலிருந்து அலுவலக நாற்காலிக்கு வந்த முதல் ஆள் நான்தான். அங்கே என்னை உதாரணமாகச் சொல்லிப் பிள்ளைகளைப் படிக்க உட்கார வைத்த காலம் ஒன்று இருந்தது.

சுஜீதா கஹவத்தைப் பக்கத்து லயத்துப் பெண். தொழில்நுட்ப உத்தியோகத்தராக வந்தாள். சத்தமாகச் சிரிப்பாள். அரிசி, மழை, அமைச்சர் எதைப் பற்றியும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும். சிங்களத்தில் எங்கள் முகாமையாளரையே கேலி செய்வாள், அவரும் சிரிப்பார். என்னை அவள் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். மற்றவர்கள் "சேர்" என்பார்கள். அதையும் நான் திருத்தவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒவ்வொரு கிளையிலும் ஒருவருக்கு விசேட சம்பள ஏற்றம் என்று கொழும்பிலிருந்து அறிவித்தார்கள். பத்திரத்தைத் தயாரித்தது நான். என் பெயரை நானே எழுதிக்கொள்ள முடியாது அல்லவா? அந்த இடத்தைக் காலியாக விட்டு முகாமையாளரின் மேசையில் வைத்தேன். அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். மாலையில் சுஜீதாவின் பெயரோடு திரும்பி வந்தது.

"ஹரி ஹொந்த லமயெக் நே, தங்கையா" என்றார் அவர். மிக நல்ல பிள்ளையாம். ஆமாம் என்றேன். புதிய சம்பளத்தை என் கையாலேயே பதிந்தேன், பிழை இருக்கக்கூடாது என்று திரும்பவும் சரிபார்த்தேன். இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படி நேர்மையாக இருப்பது?

இனி அந்தக் கொடுப்பனவுக்கு வருகிறேன். நீங்கள் அறிய வேண்டியதும் அதுதானே.

சிங்களத்தில் 'நாய' என்றால் மண்சரிவு. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்சரிவைக் கண்காணிக்க ஒரு கொடுப்பனவு வந்தபோது சுற்றறிக்கை சிங்களத்தில் மட்டும்தான் வந்தது. நாங்கள் தமிழில் அதை 'நாயக் கொடுப்பனவு' என்றே எழுதி வந்தோம். பேச்சில் அது இரண்டே நாளில் நாய்க் காசாகிவிட்டது. மழை பிடித்தால் தட்டெழுத்தில் இருக்கும் சசி சொல்வான், "அக்கா, நாய் குலைக்குது, கெளம்புங்க." சுஜீதா குடையை எடுத்துக்கொண்டே, "கடிக்க முந்தி போயிருவோம்டா" என்பாள். அலுவலகமே சிரிக்கும்.

அந்தக் காசில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, மேல்கணக்குக்கு பஸ் போகாது என்பதால், மலையைப் பார்த்துவரப் போகும் சுஜீதாவுக்கு வாடகைக்கு ஒரு த்ரீவீல். மற்றது இருளப்பன். மேல்கணக்கில் தப்பு மேளம் அடிப்பவன். அங்கே போன் பிடிக்காது, கட்டி வைத்த சைரன் ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை. சுஜீதா அவனிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்தாள். கனமழை நாட்களில் இருளப்பன் வேறு கூலிக்குப் போகாமல் லயத்திலேயே இருப்பான். நிலம் வெடித்திருக்கிறது என்று அவள் வந்து சொன்னால் தப்பை அடிப்பான். சாவுக்கு அடிக்கும் அடி வேறு, திருவிழாவுக்கு வேறு. இதற்கென்று ஓர் அடியை அவனே கண்டுபிடித்தான். அது கேட்டால் நான்கு லயத்துச் சனமும் போட்டது போட்டபடி பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிடும். சனம் அதைச் சுஜீதா மேளம் என்றது.

என் அக்கா அன்னலட்சுமி இன்னும் அந்த லயத்தில்தான் இருந்தாள். கொழுந்து பறித்து ஓய்ந்தவள். என் வீட்டுக்கு வரச் சொல்லியும் வரவில்லை. ஒரு தீபாவளிக்குச் சேலை கொண்டுபோனேன். நல்ல சேலை. பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். பிறகு மூலையிலிருந்து ஒரு குடையை எடுத்துக் காட்டினாள். சுஜீதா வாங்கிக் கொடுத்ததாம்.

"நீ வருசத்துக்கு ஒருக்கா வார தம்பி. அந்தப் புள்ள மழைக்கு மழை வருது."

நான் சேலையின் விலையைச் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில், அந்தப் பெண் மழைக்கு வருவது சம்பளத்துக்காகத்தானே என்று மட்டும் நினைத்தேன். கணக்குப் பார்க்கிறவன் அப்படித்தான் நினைப்பான். அதற்குப் பொறாமை என்று பெயர் வைப்பது சரியல்ல.

அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் வந்தது. கொடுப்பனவுகளைக் குறைக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து கடுமையான உத்தரவு. நான் தமிழில் தயாரித்து அனுப்பினேன், அங்கே சிங்களத்துக்கு மாற்றினார்கள். ஒரு கிழமையில் ஒரு கேள்வி வந்தது. வீடமைப்புச் சபை ஏன் நாய் பார்ப்பதற்குக் காசு கொடுக்கிறது, நாய் பிடிப்பது பிரதேச சபையின் வேலை அல்லவா என்று கேட்டிருந்தார்கள். 'நாய' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நாய்' என்று இருந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் கொழும்புத் தமிழர். நாயை நாயாகவே மாற்றிவிட்டார். அவர் மீது தவறில்லை.

ஒரு வரியில் பதில் எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். நாய் அல்ல, நாய. நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே மழை பிடித்தது. சசி நாய் குலைக்கிறது என்றான், எல்லோரும் சிரித்தார்கள், புஷ்பம் ஓடிப்போய் சுஜீதாவின் மழைச் சப்பாத்தை எடுத்து வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "நீக்குவதில் ஆட்சேபனை இல்லை" என்று எழுதி அனுப்பினேன்.

உத்தரவு வந்த அன்று அலுவலகம் வாடிப்போனது. முகாமையாளர், மேலிடத்து முடிவு, என்ன செய்வது என்றார். சுஜீதா என் மேசைக்கு வந்தாள். "நீங்க எழுதிப் போட்டிருப்பீங்கனு தெரியும்ணே. அவனுங்க கேக்க மாட்டானுங்க, விடுங்க" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு. அவளுடைய அந்தக் குணம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

சரிவது என்று இருந்தால் மலை சரியத்தான் செய்யும். கொடுப்பனவு இருந்திருந்தாலும் சரிந்திருக்கும். இதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மழை வெளுத்து வாங்கியது. அலுவலகத்துக்கு வராமலே அவள் பஸ் நிலையத்திலிருந்து போன் எடுத்தாள்.

"அண்ணே, ஒரு த்ரீவீலுக்கு மட்டும் ஓகே சொல்லுங்க. கையில காசு கொறைவா இருக்கு. மழை சரியில்லண்ணே, போய்ப் பாக்கணும்."

"அந்தச் செலவுத் தலைப்பே இப்ப இல்லையேம்மா" என்றேன்.

"நாய்க் காசுதானே இல்ல. நாய் இருக்கே" என்று சிரித்தாள். நான் மேசையில் இருந்த கோப்பைப் புரட்டினேன். "சரிண்ணே, பஸ்ல போய் நடந்துக்கிறேன். மஹத்தயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

முகாமையாளர் அடுத்த அறையில்தான் இருந்தார். வேலையாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் புஷ்பம் தேநீர் கொண்டுவந்தாள். சுஜீதா வரவில்லை என்பதால், அவளுக்குத் தட்டிய இஞ்சி என் கோப்பைக்குள் இருந்தது. நன்றாகவே இருந்தது. மெதுவாகக் குடித்தேன்.

பஸ் அவளை அடிவாரத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து அவள் ஏறி முடிப்பதற்குள் ஒரு த்ரீவீல் இரண்டு தடவை போய் வந்திருக்கும். மேலே நிலம் வாய் பிளந்திருந்தது. தப்பு சுவரில் தொங்கியது, இருளப்பன் இல்லை. காசு நின்றதும் மாணிக்கக் குழியில் கூலிக்குச் சேர்ந்துவிட்டான். பிழைப்பு அவனுக்கும் வேண்டுமே. தப்பைத் தானே எடுத்து அடித்துப் பார்த்தாளாம். தோல் ஈரத்தில் தொய்ந்திருந்தது. அதற்கு நெருப்புக் காட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாத ஒன்று இருந்திருக்கிறது.

ஆகவே அவள் கதவு கதவாகத் தட்டினாள். நான்கு லயம், இரண்டு பக்கமும் கதவு. மழைச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. ஒற்றை அறைக் காம்பராக்களை ஒவ்வொன்றாகத் தட்டி, உள்ளே நுழைந்து, பிள்ளைகளைத் தூக்கி வெளியே விட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லோரையும் இறக்கினாள். கடைசி லயத்தின் கடைசி காம்பராவில் இராமசாமியும் அவர் மனைவியும் மட்டும் மிச்சம். கிழவருக்கு நடக்க முடியாது. அவரை இருவருமாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மலை வந்துவிட்டது.

மூன்று பேர். தப்பு அடித்திருந்தால் இளந்தாரிகள் நாலுபேர் வந்து கிழவரைத் தூக்கியிருப்பார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம்.

அக்கா பிழைத்தாள். முகாமாக்கிய பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தேன். அந்தக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கதவ தட்டவும், தம்பிதான் வந்துட்டான்னு ஓடி வந்து தொறந்தேன்" என்றாள். "தொறந்தா அந்தப் புள்ள நிக்குது."

என் அக்காவின் வாசலில், என்னை எதிர்பார்த்துத் திறந்த கதவிலும் அவள்தான் நின்றிருக்கிறாள்.

கஹவத்தையில் அவளை அடக்கத்துக்கு எடுத்த அன்று நானும் போனேன். தேயிலை மலைகளிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. முகாமையாளர் எல்லோர் முன்பும் அழுதார். புஷ்பத்தை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இருளப்பன் தப்பு அடித்தான். சாவுக்கு அடிக்கும் அடி அல்ல, மற்றது. சனம் கேட்டுக்கொண்டே நின்றது, ஒருவரும் எங்கும் ஓடவில்லை. நான் பின்வரிசையில் நின்று, நான் ஓய்வு பெறும் நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்தேன். மனித மனம் அப்படித்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தட்டெழுத்துப் பிழை என்று சசியின் மீது பழி வந்திருப்பதாக அறிந்தேன். சசி சரியாகத்தான் அடித்தான். 'நாய' என்றே அடித்து, கையெழுத்துக்கு என்னிடம் கொண்டுவந்தான். எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். தலைப்புகளை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் அந்த இடத்தில் நின்றேன். நாயவுக்கும் நாய்க்கும் நடுவே ஒரே ஒரு புள்ளிதான். மலையைப் பற்றியோ மனிதர்களைப் பற்றியோ நான் நினைக்கவில்லை. அவள் குடையை எடுத்துக்கொண்டு சிரிப்பது மட்டும்தான் கண்ணுக்குள் வந்தது. நீலப் பேனாவில் தெரியும் என்பதால் கறுப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். அந்தப் புள்ளியை நான்தான் வைத்தேன், பளீல் ஐயா. நாய் என்று எழுதினால் கொழும்பில் என்ன நடக்கும் என்று தெரிந்தே வைத்தேன். என் அக்கா அந்த மலைக்குக் கீழேதான் தூங்குகிறாள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் பொறாமை என்ற சொல்லை உங்கள் அறிக்கையில் எழுதாதீர்கள். நான் நீதியைப் பார்க்கிறவன். யாருக்கு எவ்வளவு தகும் என்று எடைபோடுவதுதான் என் வேலை. எனக்கு அவள் மீது ஒன்றுமே இல்லை.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதற்கு முதல் நாள் புதிய உத்தரவு ஒன்று என் மேசைக்கு வந்தது. அந்தக் கொடுப்பனவைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு மடங்காக, எல்லாக் கிளைகளுக்கும். இம்முறை பெயரில் குழப்பம் வராது. மூன்று மொழியிலும் 'சுஜீதா கொடுப்பனவு' என்றே போட்டிருக்கிறார்கள்.

நீங்களே பாருங்கள். செத்த பிறகும் ஏற்றம் அவளுக்குத்தான்.