‘நெருப்பில்’ என்ற ஒரு சொல்லுக்காக

தாமரையின் பெயர் தாங்கி, தண்ணீரின் தெளிவு தாங்கி, தலைக்கனம் மட்டும் தாங்காத தகைமையே! கண்ணாடிச் சில்லில் காலனைக் கண்டு, கண்டதைக் கலங்காமல் சொன்ன கண்மணியே! சீ ஆற்றங்கரை நோங் வாங் நலவாழ்வு நிலையத்தின் நுண்ணோக்கி நாயகியே, எங்கள் புவாலை அக்காவே! முப்பத்து நான்கு ஆண்டுகள் முதுகு வளைந்து பார்த்த பணியிலிருந்து, செப்டம்பர் முப்பதாம் நாளாகிய இன்று தாங்கள் நிமிர்ந்து எழும் வேளையில், தங்களோடு பணியாற்றும் ஒன்பது பேரும் கூடி நின்று தரும் மடல் இது.

இப்படிப்பட்ட விளிகள் முதல் படியில் இன்னும் பதினான்கு இருந்தன. கருணைக் கடல் இருந்தது, பொறுமைப் பொன்மலை இருந்தது. போன வாரம் அதைப் பிழை பார்க்கத் தங்களிடம் கொடுத்தோம். ஆய்வுக் குறிப்பைத் திருத்துவது போலச் சிவப்பு மையால் கடலையும் மலையையும் அடித்துவிட்டு, ஓரத்தில் ஒரு வரி எழுதித் திருப்பினீர்கள்: “பார்த்ததை மட்டும் எழுதவும்.” புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தாங்கள் சொல்லித்தரும் முதல் பாடமும் அதுதான். ஆகவே பார்த்ததை எழுதியிருக்கிறோம். கேட்க இனிக்காது, எழுதும்போது எங்களுக்கும் இனிக்கவில்லை.

இருபத்தாறு வயதில், ஒற்றைக்கண் நுண்ணோக்கி ஒன்றைச் சேலையில் குழந்தையைச் சுற்றுவது போலச் சாரோங்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் வந்து இறங்கினீர்கள். அன்று முதல் இந்த வட்டாரத்துப் பதினொரு ஊர்களின் மலமும் தங்கள் மேசைக்கு வந்தது. மருந்து டப்பாவில் வந்தது, முகப்பூச்சு டப்பாவில் வந்தது, திருமணப் பரிசாகக் கிடைத்த வெள்ளிமுலாம் சிமிழிலும் ஒருமுறை வந்தது. சந்தையில் தங்களைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு. தாங்களோ அவர்கள் பெயரையே மறந்தாலும் அவர்கள் குடலை மறந்ததில்லை.

மலத்தைத் தடவி நுண்ணோக்கியின் கீழ் வைத்த கண்ணாடிச் சில்லுகளில் தாங்கள் தேடியது ஒரு முட்டையை. மூடி போட்ட குடம் போன்ற, கண்ணுக்குத் தெரியாத முட்டை. ஆற்று மீனைப் பச்சையாகத் தின்றவர் உடலில் தட்டைப்புழு ஏறி, ஈரலின் பித்தக் குழாய்க்குள் குடியிருந்து, குழாயின் சுவரை ஆண்டுக்கணக்கில் உரசி உரசிப் புண்ணாக்கும். மாத்திரை புழுவைக் கொல்லும். புண் பட்ட தழும்பு தங்கிவிடும். மறுபடி மீன், மறுபடி புழு, மறுபடி மாத்திரை என்று போனால், இருபது முப்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தழும்பிலிருந்து புற்று எழும்பும். அப்போது கண் மஞ்சளாகும். கண் மஞ்சளான பிறகு மருத்துவரால் ஆறுதல் சொல்லத்தான் முடியும். இதை எங்களுக்குப் பாடமாகச் சொல்லித்தந்தவர் தாங்கள்.

தங்கள் பணியின் இருபதாம் ஆண்டில் மேலிடத்திலிருந்து சுவரொட்டி வந்தது. பச்சை நிறத்தில் மீன், சிரிக்கும் குடும்பம், கீழே எடுப்பான ஒரு வாசகம். நம் மொழியில் வெந்ததற்கும் ‘சுக்’ என்று பெயர், இன்பத்துக்கும் ‘சுக்’ என்றுதான் ஒலி. அதை வைத்து யாரோ அழகாக விளையாடியிருந்தார்கள்: “மீன் சுக் ஆகட்டும், வாழ்வு சுக் ஆகட்டும்.” அந்த வாசகத்துக்குப் பரிசு கிடைத்ததாகவும் கேள்வி. வீட்டுக்கு ஒன்றாக ஒட்டினோம், கோயில் மதிலில் ஒட்டினோம், நிலையத்துச் சாப்பாட்டு அறையில் சட்டம் போட்டு மாட்டினோம். இரண்டு ஆண்டுகள் கழிந்தும் தங்கள் சில்லில் முட்டை குறையவில்லை. ஊர்க்காரர்கள் சொல் கேளாதவர்கள் என்று அறிக்கை எழுதி அனுப்பினோம்.

காரணம் தங்கள் வீட்டிலேயே கிடைத்தது. கணவர் கம்சிங், நெல்லடிக்கும் எந்திரம் ஓட்டுபவர், தங்கள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர். மூன்றாம் முறையாக மாத்திரை விழுங்கிய பிறகும் அவருடைய சில்லில் முட்டை இருந்தது. தாங்கள் சினந்து கேட்டபோது அவர் சொன்னதை, மறுநாள் கூட்டத்தில் அவர் குரலிலேயே தாங்கள் சொல்லிக் காட்டியது எங்கள் காதில் இருக்கிறது: “பச்சையாத் தின்ன நான் என்ன கொக்கா? எலுமிச்சம்பழத்த நல்லாப் பிழிஞ்சு, புளிப்புக்குச் செவ்வெறும்பு போட்டு, மீன் வெளுத்து சுக் ஆன பொறவுதான் வாயில வெச்சேன். உங்க போஸ்டர்ல போட்டிருக்கறபடிதானம்மா செஞ்சேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. இந்த ஆற்றங்கரையில் புளிப்பு ஏறி வெளுத்த மீனுக்கும் சுக் என்றுதான் பெயர். தாய்மார்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தோம். தலைநகரத்தில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் தோன்றவில்லை. ஊரே சுவரொட்டி சொன்னபடி நடந்துகொண்டிருந்தது; நடந்தபடியே புழுவை விழுங்கிக்கொண்டிருந்தது. தாங்கள் கேட்டது ஒரே ஒரு சொல். ‘சுக்’ என்பதற்கு முன்னால் ‘நெருப்பில்’ என்று சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நிலையத் தலைவர் பிரசோங் ஐயா, இதோ முன்வரிசையில் அமர்ந்திருப்பவர், இதை எழுதச் சம்மதித்தவர், அன்று சொன்னது: “பரிசு வாங்குன வாசகத்துல போய்ப் பிழை கண்டுபிடிக்கிறியே புவாலை, நீ எட்டாவது தாண்டி எவ்வளவு படிச்ச?” எழுத்தர் வன்லோப் அதோடு விடவில்லை. “அக்கா இப்போ மலத்துல இலக்கணம் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க,” என்றார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். அன்றிலிருந்து தங்களுக்கு ‘இலக்கண அக்கா’ என்று பெயர் வைத்தோம். வன்லோப்தான் இந்த மடலை இப்போது உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறார். இந்த வரியை வேறொருவர் வாசிக்கட்டும் என்று அவர் கேட்டார், நாங்கள் மறுத்துவிட்டோம்.

எட்டு ஆண்டுகளில் மேலிடத்துக்குப் பதினொரு கடிதங்கள் எழுதினீர்கள். ஒன்றில்கூடத் தலைவரின் கையெழுத்து இல்லை. ஒன்றே ஒன்றுக்குப் பதில் வந்தது: வாசகம் அறிஞர் குழுவால் ஏற்கப்பட்டது, அதில் பிழை ஏதுமில்லை. பிறகு தாங்களே ‘நெருப்பில்’ என்று கையால் எழுதிய காகிதத் துண்டுகளைக் கத்தரித்து, மதிய வெயிலில் சைக்கிளில் போய், நம் ஊரின் நாற்பத்திரண்டு வீடுகளிலும் கோயில் மதிலிலும் சுவரொட்டி மீது ஒட்டினீர்கள். அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. அரசுச் சுவரொட்டியில் கிறுக்கியது யார் என்று கேட்பார்களே என்று எங்களுக்கு நடுக்கம். ஆளுக்கொரு வாளியும் ஈரத் துணியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அத்தனையையும் சுரண்டி எடுத்தோம். சுரண்டியது எங்கள் கைகள், அக்கா. வேறு யார் கையுமல்ல.

கம்சிங் அண்ணன் தாங்கள் சொன்ன நாளிலிருந்து அந்த மீனைத் தொடவில்லை. புழுவும் போயிற்று. தழும்புதான் போகவில்லை. தங்கள் பணியின் முப்பதாம் ஆண்டில், மழைக்காலத் தொடக்கத்தில், அவர் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. ஸ்கேன் எடுக்குமுன்பே தங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து மாதம் இருந்தார். மற்றவர்கள் சொல் கேளாததால் செத்தார்கள் என்று எழுதிய நிலையத்தில், சொல் கேட்டதால் செத்த மனிதர் அவர். சொல்லைத் தந்தவர்கள் நாங்கள்.

சாவு வீட்டுப் பந்தியைப் பற்றி எழுத வேண்டாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். பார்த்தது என்பதால் எழுதுகிறோம். நம் ஊர் வழக்கப்படி அக்கம்பக்கத்தார் கூடிச் சமைத்தார்கள். மதியப் பந்தியில் ஒட்டரிசிச் சோறு, கீரை, நடுவில் தட்டுத் தட்டாக எலுமிச்சை பிழிந்த மீன். அண்ணனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த அதே மீன். நலவாழ்வு நிலைய ஊழியர்கள் ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்து, சோற்றை உருட்டி, அதில் தொட்டுத் தின்றோம். வெளுத்திருந்தது, வெந்திருக்கிறது என்றுதான் எங்கள் நாக்கும் நினைத்தது.

தாங்கள் உள்ளிருந்து வந்தீர்கள். அழவில்லை, யாரையும் ஏசவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்புப் பானையை இரு கையாலும் தூக்கி வந்து, பந்தியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து, ஒவ்வொரு தட்டு மீனின் மேலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினீர்கள். தலைவர் தட்டுக்கு வந்தபோது பானையில் அடிக்குழம்புதான் இருந்தது, அதையும் கவிழ்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: “இப்பவும் பத்தாது. கொண்டுபோயி அடுப்புல வெச்சுக் கொதிக்கவிட்டுட்டு வந்து தின்னுங்க. அதுக்குப் பேருதான் சுக்.”

ஒன்பது பேரும் எழுந்து, தட்டைக் கையில் ஏந்தி, அடுப்படிக்கு வரிசையில் போனோம். எங்கள் முப்பது ஆண்டுப் பிரசாரத்தில் மீன் முழுதாக வெந்தது அன்று ஒருநாள்தான்.

மூன்றாம் நாள் வேலைக்கு வந்து, மல ஆய்வுக்காக ஆளுக்கொரு காலி டப்பாவை எங்கள் மேசையில் வைத்தீர்கள். ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு முட்டை. சுவரொட்டியின் கீழே உட்கார்ந்து தினமும் மதியம் சாப்பிட்டவர்கள்தான் ஐவரும். தலைவர் அதில் ஒருவர். தன் முடிவைப் படித்துவிட்டு அவர் தாளும் பேனாவும் எடுத்தார். பன்னிரண்டாவது கடிதத்தை அவரே எழுதிக் கையெழுத்திட்டார். முதல் கடிதத்தில் போட்டிருக்க வேண்டிய கையெழுத்து அது.

அதன் பிறகு எல்லாம் ஓடோடி நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். தங்கள் பழைய குறிப்பேடுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகக் கேட்டு எழுதினார்கள். சுவரொட்டியை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்களில் பாதிக்கு மேல் புளித்து வெளுத்த மீனை வெந்தது என்றே நம்புகிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். கட்டுரை வெளிவந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள்: நிலையத் தலைவருக்கும் ஊழியர்களுக்கும். தலைவர் போக நாங்கள் எட்டுப் பேரும் அந்த ‘ஊழியர்களு’க்குள் சுகமாக அடங்கிவிட்டோம். தங்கள் பெயர் எங்கும் இல்லை. திருத்தம் கேட்டு எழுதலாம் என்று இந்த முறை நாங்கள் சொன்னோம். தாங்கள் சிரித்தீர்கள். “எனக்கு என்ன கடிதம் எழுதவா தெரியாது?” என்று கேட்டுவிட்டு நுண்ணோக்கிக்குக் குனிந்துகொண்டீர்கள்.

புதிய சுவரொட்டிக் கட்டுகள் இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி வந்தன. அதே பச்சை மீன், அதே சிரிக்கும் குடும்பம். “மீன் நெருப்பில் சுக் ஆகட்டும்.” ஒரு சொல் பயணம் செய்து வரப் பன்னிரண்டு ஆண்டுகள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் மஞ்சள் கண்ணோடு போனவர்கள் எத்தனை பேர் என்று தங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. நாங்கள் பார்த்தோம். இங்கே எழுதவில்லை, அவர்கள் வீட்டார் இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இந்த மடல் இருக்கும் சட்டம் தங்களுக்குப் பழக்கமானதுதான். சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்த பழைய சுவரொட்டியின் சட்டம். சுவரொட்டியை எடுத்து எறியவில்லை. மடலின் முதுகுப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதன் மேல் தங்கள் கையெழுத்தில் ‘நெருப்பில்’ என்ற துண்டு ஒட்டியிருக்கிறது. கோயில் மதிலில் சுரண்டியபோது முழுதாக வந்த ஒரே துண்டு அது. வன்லோப் அதை அன்று வேடிக்கைக்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு தூக்கிப் போட மனம் வரவில்லை என்கிறார். எந்தப் பக்கம் தெரியும்படி மாட்டுவது என்பது தங்கள் விருப்பம். அந்தப் பக்கத்தை மாட்டினால் நாங்கள் வருந்த மாட்டோம்.

இப்போது தங்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்த வேண்டிய நேரம். நூறாண்டு வாழுங்கள் அக்கா. நோய் அண்டாமல், நோவு காணாமல், குனிந்த முதுகு நிமிர, கூர்ந்த கண் குளிர, ஆற்றுக் காற்றில் அமர்ந்து வாழுங்கள். எங்களில் ஐவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டு, தழும்பு என்ன சொல்லப்போகிறது என்று காத்திருக்கிறோம். எங்களுக்கும் வாழ்த்துச் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. விருந்து ஆயத்தமாக இருக்கிறது. மீனும் உண்டு. தாங்கள் சமையற்கட்டுக்குப் போய் மூடியைத் திறந்து பார்க்காமல் உட்கார மாட்டீர்கள் என்று தெரியும். அடுப்பை அணைக்காமல் வைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
நோங் வாங் நலவாழ்வு நிலைய ஊழியர்கள் ஒன்பது பேர்.
முட்டை காணப்பட்டவர்கள்: ஐவர்.
அன்று சிரித்தவர்கள்: ஒன்பதின்மரும்.