ஏழாம் தேதிக்குள்

பெட்ரோல் போடக்கூட நான் கார்டைத்தான் நீட்டுவேன். அதில் தப்பே இல்லை, மேடம். பதினெட்டாம் தேதி பில் வரும். ஏழாம் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டி என்று ஒரு பைசா கிடையாது. பதினோரு வருஷமாகக் கார்டு வைத்திருக்கிறேன், ஒரு மாதம் தவறியதில்லை. நீங்களும் வைத்திருந்தால் ஒன்று சொல்கிறேன். குறைந்தபட்சத் தொகை என்று பில்லின் ஓரத்தில் ஒன்று போட்டிருப்பான். அதை மட்டும் நம்பாதீர்கள். அதைக் கட்டினால் கடன் தீராது, கேட்டு வருகிறவன் கொஞ்ச நாள் கழித்து வருவான், அவ்வளவுதான்.

என் பெயர் முத்துவீரன். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தேன், கடைசியில் ஹவில்தார் கிளார்க். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்த வீடு, பென்ஷன் வருகிறது. என் மனைவி பரிபூரணம் உங்கள் ஸ்டேஷனில் புகார் என்று எழுதிக் கொடுத்திருப்பதெல்லாம் உண்மை. நான் எதையும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவளுக்கு நடந்ததைத்தான் சொல்லத் தெரியும், ஏன் நடந்தது என்று தெரியாது. அதை நான் சொல்கிறேன். பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெயபாண்டி அவளுடைய தம்பி. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்தான். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். என்னை அத்தான் என்று கூப்பிடும்போதே குரல் இறங்கிவிடும். குறை என்று சொன்னால் ஒன்றுதான். கையில் இல்லாததைச் செலவழிக்கிற மனசு.

என் மகள் வெங்கடேஸ்வரி பெரியவளானாள். சடங்கு வைத்தோம். தாய்மாமன் சீர் கொண்டு வந்தாக வேண்டும், எங்களில் அது கட்டாயம். "ஒத்த மருமக, அத்தான். ஊரு வாயில விழாம செஞ்சிருவேன்," என்று வந்து உட்கார்ந்தான். கையில் பணம் இல்லை. யூனிட்டுக்கு வந்த பேங்க் பெண் கொடுத்துவிட்டுப் போன கிரெடிட் கார்டு படிவம் மட்டும் இருந்தது. அதை நான்தான் பூர்த்தி செய்தேன். பில் இங்கிலீஷில் வரும், உனக்குப் புரியாது, என் போன் நம்பரையே கொடுத்துவிடலாம் என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு அத்தான் யாருக்கு வாய்க்கும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்றரைப் பவுன் செயின், பட்டு, வெள்ளிக் கொலுசு எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றாறாயிரம். தெரு முனையிலிருந்து மேளத்தோடு இருபத்தொரு தட்டு வந்தது. மைக்கில் அவன் பெயரை மூன்று தடவை சொன்னார்கள். "மாமன்னா இவன்லா மாமன்," என்று பெண்கள் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. பந்தல் என் செலவு, அறுநூறு பேர் சாப்பாடு என் செலவு. அப்பன் செலவை யாரும் மைக்கில் சொல்வதில்லை. பரிபூரணம் தம்பியின் நெற்றியில் சந்தனம் வைத்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள், மேடம். கடன் வாங்கிய காசில் ஒருவன் பெயர் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு ஒரு பாடம் தேவைப்பட்டது. அதைச் சொல்லிக் கொடுக்க வீட்டில் வேறு யாரும் இல்லை.

மாதம் எட்டாயிரம் கட்டினால் பதினேழு மாதத்தில் வட்டியும் முதலும் தீரும். நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன், கணக்கில் பிழை இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். பணத்தைக் கண்ணில் ஒற்றி இரண்டு கையாலும் நீட்டுவான். போனில் அனுப்ப அவனுக்குத் தெரியும். ரொக்கமாகக் கொடு, அதுதான் மரியாதை என்று சொன்னது நான். ரசீது கேட்க மாட்டான். அக்கா வாழ்கிற வீட்டில் அத்தானிடம் ரசீது கேட்பவன் எங்கள் பக்கம் இல்லை. "கட்டியாச்சா அத்தான்?" என்பான். கட்டியாச்சு என்பேன். அதுவும் பொய் இல்லை. ஐயாயிரம் கட்டினேன். பில்லின் ஓரத்தில் போட்டிருந்தானே, அந்தத் தொகை.

மீதி மூவாயிரத்தை எடுத்து வைத்தேன். ஒரு டீ குடித்ததில்லை அதில்.

நாலாம் மாதம் பைக்கை விற்றான். அதன் பிறகு டவுன் பஸ்ஸில்தான் வந்தான், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடை. உடம்புக்கு நல்லதுதானே. ஓவர்டைம் பார்த்துப் பார்த்து வயிறு ஒட்டிப்போனது. பரிபூரணம் இரண்டு முட்டை கூடப் பொரித்து வைப்பாள். ஒன்றைத் தன் பையனுக்கு என்று பொட்டலம் கட்டிக்கொண்டு போவான். செலவு செய்ய எவ்வளவு யோசிக்கிறான் பார், திருந்தி வருகிறான் என்று எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. ஆனால் முழுசாகத் திருந்தவில்லை. கடன் தீருகிற மாசியில் குலசாமி கோயிலில் பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக நேர்ந்திருக்கிறேன் என்று ஒரு நாள் சொன்னான். முன்னூறு பேருக்குச் சாப்பாடாம், மைக் செட்டாம்.

பதினோராம் மாதத்திலிருந்து கட்டுவதை நிறுத்தினேன். எட்டாயிரத்தையும் அப்படியே எடுத்து வைத்தேன். பேங்க்கிலிருந்து குறுஞ்செய்தி வந்தது, பிறகு போன் வந்தது, எல்லாம் என் நம்பருக்கு. நிதானமாகவே பதில் சொன்னேன். நான் அவன் அத்தான், எனக்கும் கடனுக்கும் சம்பந்தமில்லை என்றேன். அதுவும் உண்மைதான். தை மாதம் பதினேழாவது தவணையைக் கொண்டு வந்தான். கூடவே அரைக் கிலோ பால்கோவா. "இத்தோட தீந்துச்சுல்லா, அத்தான்?" என்றான். தீர்ந்தது மாப்ள என்றேன். வாசல்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். பால்கோவா நன்றாக இருந்தது. நானும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் கார்டில் நின்ற பாக்கி ஒரு லட்சத்து இருபதாயிரத்து நானூற்றுச் சொச்சம். அவன் என் கையில் கொடுத்திருந்தது ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம்.

வசூலுக்கு வருகிற பையன்கள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். தன்மையான பையன்கள், உட்காரச் சொன்னால்தான் உட்கார்ந்தார்கள். யூனிட்டில் போய்க் கேட்கட்டுமா என்றார்கள். அங்கே போய் என்ன பிரயோஜனம், அவன் கையில் பத்து ரூபாய் இருக்காது என்றேன். மாசி பதினாலாம் தேதி, தேவதானம் பக்கத்தில் கோயில், பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் மொய் எழுதுவார்கள், அப்போது மேசையில் பணம் இருக்கும் என்றேன். கோயிலுக்கு வழியும் சொன்னேன். கடனை வசூலிக்க வருகிறவனுக்குப் பணம் இருக்கிற இடத்தைச் சொல்வதில் என்ன தப்பு?

சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தது. மொய் மேசைக்கு முன்னால் போய் நின்று கார்டு நம்பரையும் தொகையையும் சொன்னார்கள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் பந்தியின் கடைசி இலை வரைக்கும் கேட்டது. ஜெயபாண்டி சந்தனம் பூசிய மொட்டைத் தலைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடிதான் வந்தான். ஆள் மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறான்.

"தம்பி, அது தீந்து போச்சு. மாசா மாசம் எங்க அத்தான் கையிலதான் குடுத்தேன். சொல்லுங்க, அத்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சடங்கு வீட்டில் என்னைப் பார்க்காத அத்தனை பேரும்.

"எங்கிட்டயா? எப்ப மாப்ள குடுத்த?" என்றேன். "எழுத்து ஏதும் இருக்கா?"

அவன் அக்காவைப் பார்த்தான். பரிபூரணம் வாயைத் திறக்கப் போனாள். "ஏட்டி, ஒனக்கு எதுவும் தெரியுமா?" என்று கேட்டேன், சாதாரணமாகத்தான் கேட்டேன். பக்கத்தில் வெங்கடேஸ்வரி நின்றாள், அந்தச் செயினைப் போட்டுக்கொண்டு. முன்னூறு பேர் முன்னால் புருஷனைத் திருடன் என்று சொல்லிவிட்டு மகளை எங்கே கட்டிக் கொடுப்பாள்? தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அவளே உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது. நல்லது.

பையன்கள் மொய்ப் பணத்தில் அறுபத்தோராயிரம் எண்ணி எடுத்துக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். "பிள்ள காதுல ரத்தம் காயல, அதுக்குள்ள மொய்யத் தூக்கிட்டுப் போறானுகளே," என்று யாரோ ஒரு பெரியவர் சொன்னார். அடுத்த பந்திக்கு ஆள் உட்காரவில்லை. இரண்டு அண்டா சோறு அப்படியே நின்றது. அத்தனையும் வீண் செலவு.

சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்தான்.

"அத்தான், பணம் போனாப் போவுது. நான் குடுத்தேன்னு மட்டும் நாலு பேருகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. மாரிக்கனியே என்னைய நம்ப மாட்டேங்கா. அம்புட்டையும் எவகிட்டயோ குடுத்து அழிச்சிட்டேன்னு பேசுதாக. ஒரு வார்த்த போதும், அத்தான்."

மாரிக்கனி அவன் மனைவி. அவன் கேட்டது அவ்வளவுதான், அதற்கு எனக்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது. கிடையாது என்பது அப்போதே எனக்குத் தெரியும். "மொதல்ல கடன் இல்லாம வாழக் கத்துக்கோ மாப்ள, பொறவு பேரு வாங்கலாம்," என்றேன்.

பிறகு "சரி, அத்தான்," என்றான். மரியாதை தெரிந்தவன். நான் வைக்கும்வரை அவன் போனை வைக்கவில்லை.

மறுநாள் காலையில் தேவதானத்துத் தோப்புக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். பாடையில் முன்பக்கம் தோள் கொடுத்தது நான். மீதிக் கடனை மாரிக்கனியிடம் கேட்கக் கூடாது, சொத்து எதுவும் இல்லை என்று பேங்க்கில் பேசி முடித்ததும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் எல்லாம் அமைதியாக இருந்தது. போன வாரம் பீரோவில் துணி அடுக்கும்போது பரிபூரணம் தபால் ஆபீஸ் சேமிப்புப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறாள். பத்து மாதம் மூவாயிரம், ஏழு மாதம் எட்டாயிரம், ஒவ்வொன்றும் முதல் ஞாயிற்றுக்கு மறுநாள் போட்டது. மொத்தம் எண்பத்தாறாயிரம். ஒருநாள் மொத்தமாக எடுத்து அவன் கையில் கொடுத்து, பார்த்தாயா மாப்ள, சேமிப்பு என்றால் இதுதான் என்று சொல்லலாம் என்றுதான் போட்டு வைத்தேன். புத்தகம் வெங்கடேஸ்வரி பேரில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் என்றால் மாமன் சீர் வேண்டாமா? செய்ய அவன் இல்லையே.

ஆக, பணத்தை வாங்கினேன், கட்டவில்லை, தீர்ந்தது என்று சொன்னேன், ஆள் அனுப்பினேன், வாங்கவில்லை என்று சபையில் சொன்னேன். அவன் கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அதற்கு முன்னால் என் போனை மட்டும் ஐந்து நிமிடம் கொடுங்கள், மேடம். இன்றைக்கு ஏழாம் தேதி. என் கார்டுக்கு நாலாயிரத்து இருநூறு கட்ட வேண்டியிருக்கிறது. இன்று வரைக்கும் நான் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை.